இறங்காமல் ஐம்பது மைல்

முட்டாள்தனத்தில் எனக்கு நிகர் நானேதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். சைக்கிள் பந்தயத்தில் விழுந்தவர்கள் உண்டு. டயர் வெடித்து நின்றவர்கள் உண்டு. வழி தவறிக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். ஆனால் பந்தயத்தின் நடுவில் தானாக பிரேக் பிடித்து, இறங்கி, ஓரமாக ஒதுங்கி, எதிரே நடந்து வந்த ஆபீசருக்கு ஒரு கும்பிடு போட்டு, அவர் கேட்ட ஃபைலைப் பற்றி விவரமும் சொல்லிவிட்டு மறுபடி ஏறியவன், திருவிதாங்கூர் முழுவதிலும் நான் ஒருவன்தான்.

நான் அப்போது ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அந்தக் காலத்தில் குமாஸ்தாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் அது எழுதப்பட்டதில்லை. அதனாலேயே யாரும் அதை மீறியதுமில்லை. சைக்கிளில் போகும்போது மேலதிகாரியைக் கண்டால் இறங்கிவிட வேண்டும். வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கும்பிட வேண்டும். அவர் பத்தடி தாண்டிப் போகும்வரை ஏறக்கூடாது. எங்கள் சூப்பரண்டு கரமனை அக்கிரகாரத்துக்காரர். நடையில் அவருக்கு இணை கோயில் ரதம் ஒன்றுதான். அவர் பத்தடி தாண்டுவதற்குள் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம்.

ஆபீசுக்குள் இன்னொரு வழக்கம். அவர் மேஜைக்கு எதிரே ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கும். வருகிற பெரிய மனுஷர்களுக்கானது. குமாஸ்தா எத்தனை நேரம் பேசினாலும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். பென்ஷன் வாங்கப்போகிற கடைசி நாளில்கூட எங்கள் தலைமைக் குமாஸ்தா நின்றபடியேதான் விடைபெற்றுக்கொண்டார். நாற்காலி சும்மா கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் கரமனைப் பாலத்தில் கூடுவோம். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள். பந்தயத்துக்கென்று தனி வண்டி யாரிடமும் கிடையாது. வெள்ளிக்கிழமை காய்கறி சுமந்த அதே இரும்புக் கழுதைதான் ஞாயிற்றுக்கிழமை குதிரையாகும். முண்டியடித்துக்கொண்டு ஓடுகிற பந்தயமும் எங்களுக்குப் பிடிக்காது. ஒரு நிமிஷத்துக்கு ஒருவராக விடுவார்கள். அவரவர் தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். எதிராளி கடிகாரம் மட்டும்தான்.

அந்தக் கடிகாரம் ஆரியசாலையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்த ஒரு திருநெல்வேலிக்காரரின் பையில் இருந்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நேரம் குறிப்பது அவர் வேலை. அவர் சைக்கிள் ஏறுவதில்லை. "நான் ஏறுனா வண்டில்லா கும்பிட்டிரும்" என்பார், உடம்பு அப்படி.

அன்றைக்குப் பத்து மைல் பந்தயம். நேமம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக நான் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். போகும் வழியில் கைமனம் பக்கம் வரும்போது எதிரே கறுப்புக் குடை. சூப்பரண்டுக்கு அங்கே ஒரு தென்னந்தோப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்த் தேங்காய்களை விசாரித்துவிட்டு வருவார். என் பிரேக் யானைக்குட்டி மாதிரி ஒரு பிளிறு பிளிறியது. அப்புறம்தான் நான் இறங்கியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

குடை நின்றது.

"என்னடா, அந்த மராமத்து ஃபைல் மேலே போச்சோ?"

"போகலை சார்."

"எந்தா போகலை?"

ஏன் போகவில்லை என்பதை ஆதியோடந்தமாகச் சொன்னேன். மூச்சிரைக்கச் சொன்னேன். எனக்குப் பின்னால் கிளம்பிய மூன்று பேர் ஒவ்வொருவராக மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் அவர்களுக்கும் வழிவிட்டு நின்றேன்.

பாலத்தை அடைந்தபோது கதை எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ஆரியசாலைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "சாமி, ஒங்களுக்கு நேரம் குறிக்கதா, நட்சத்திரம் குறிக்கதா?"

அதோடு போயிருந்தால் சரி. மறுநாளிலிருந்து பிடித்தது வினை. கிழக்கே கோட்டை வாசலில், சாலைக் கடைத்தெருவில், எங்கள் ஸ்ரீவராகம் தெருமுனையில், என்னைக் கண்டால் எங்கள் கூட்டத்தார் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். வண்டியைச் சாய்த்துப் பிடிப்பார்கள். கும்பிடுவார்கள். நான் பத்தடி தாண்டுகிறவரை ஏற மாட்டார்கள். ஒரு வாரத்தில் எங்கள் கூட்டத்தைச் சேராதவர்களும் இறங்க ஆரம்பித்தார்கள். எனக்கு முன்பின் தெரியாத ஒரு மீன்காரன், பின்னால் பெரிய கூடையுடன், தெப்பக்குளத்து மேட்டில் கஷ்டப்பட்டு இறங்கி வணங்கினான். பெரிய மனுஷன் என்று நினைத்தானோ என்னவோ. என் மனைவியின் அண்ணா ஊரிலிருந்து வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஊர்லே நல்ல மதிப்பாக்கும்" என்று வீட்டில் சொல்லிவைத்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் ஐம்பது மைல் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தெற்கே தொடுவெட்டி தாண்டிச் சாமியார்மடம் வரை போய்த் திரும்ப வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் வந்தால்தான் கணக்கு. ஒரு நொடி பிந்தினாலும் போகவேயில்லை என்று அர்த்தம். மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். மூவரும் தொடை உள்ளவர்கள்.

"நானும் வரேன்" என்றேன்.

ஆரியசாலைக்காரர் பென்சிலை நிறுத்தினார். "பத்து மைல்லே ஒரு கும்பிடுன்னா, அம்பது மைல்லே அஞ்சு கும்பிடு ஆயிரும்லா சாமி? நேரம் காணாதே."

எல்லாரும் சிரித்தார்கள். என் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் போகிற வண்டி. "ஐம்பது மைலும் கால் தரையிலே படாது. மேடானாலும் சரி, மேலதிகாரியானாலும் சரி, இறங்க மாட்டேன். நாலு மணி நேரத்துக்குள்ளே வந்துட்டா இந்தக் கும்பிடு அன்னியோட நிக்கணும்."

"வராட்டா?"

"வராட்டா ஆயுசு பூராக் கும்பிடுங்கோ, வாங்கிக்கறேன்."

எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கும் எடைக்கும் பகை. விளக்கைக் கழற்றினேன். கேரியரைக் கழற்றினேன். மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் மூடி எல்லாம் முற்றத்தில் குவிந்தன. மனைவி வாசற்படியில் நின்று, ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் திரும்ப மாட்ட அறியுமோ?"

"அதெல்லாம் அப்புறம்."

"சக்கரம் ரெண்டும் இருக்கட்டும், கேட்டேளா? அதும் நல்ல பாரம்தான்."

கடைசியில் என் கை சீட்டின் மேல் கட்டியிருந்த பஞ்சு மெத்தைக்குப் போனது. அவளே பழைய வேஷ்டியில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தது. அதையும் அவிழ்த்தேன்.

"பஞ்சுக்கு எந்தா அத்தனை பாரம்?"

"ஒரு பலம் இருந்தாலும் ஐம்பது மைலுக்கு ஐம்பது பலம்" என்றேன். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அவள் மெத்தையை எடுத்து அலமாரியில் வைத்தாள். பத்திரமாக வைத்தாள். அந்தப் பத்திரத்தில் ஒரு பரிகாசம் இருந்தது.

பந்தயத்தன்று காலை ஆறு மணிக்கு முதல் ஆளை விட்டார்கள். நான் நாலாவது, என் முறை ஆறு மூன்றுக்கு. மேலே பனியன், கீழே காக்கி அரை டிராயர். அக்கிரகாரத்தில் அரை டிராயரோடு நடந்தால் பேரைக் கெடுத்துவிடுவார்கள் என்று பாலம்வரை அதன் மேல் வேஷ்டி கட்டி வந்திருந்தேன். வேஷ்டியை மடித்து ஆரியசாலைக்காரர் கையில் கொடுத்தேன். "பத்து மூணுக்கு வந்து வாங்கிக்கறேன்" என்றேன்.

"அதுக்கு மேலே ஆச்சுன்னா கொடியா ஏத்திருவேன்" என்றார் அவர்.

போகும்போது நன்றாகவே போனேன். பாலராமபுரத்தில் தறிச் சத்தம் தொடங்கியிருந்தது. அதன் தாளத்துக்குப் பெடல் போட்டேன். நெய்யாற்றின்கரையில் ஆற்றுக் காற்று முதுகில் தள்ளியது. பாறசாலைக்குப் பிறகு சாலை மேடும் பள்ளமுமாக, சரளைக்கல் தெறிக்க, கப்பல் மாதிரி ஏறி இறங்கியது. குழித்துறைப் பாலத்தில் எனக்கு நானே "சபாஷ்" என்று சொல்லிக்கொண்டேன். சொல்ல வேறு ஆள் இல்லை. மற்ற மூவரும் அதற்குள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள்.

திரும்புகிற இடத்தில் சாலை நடுவே ஒரு காலி மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எங்கள் கூட்டத்து வாத்தியார் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பீப்பாயைச் சுற்றினால் அவர் குறித்துக்கொள்வார். மண்கூஜாவில் தண்ணீரும் வைத்திருந்தார்.

"இறங்கிக் குடியும் ஓய். இங்கே ஒரு சூப்பரண்டும் இல்லை."

"இறங்க மாட்டேன்" என்று கையை நீட்டினேன். கூஜாவை வாங்கி, பீப்பாயைச் சுற்றிக்கொண்டே குடித்தேன். தாகம் தீர மூன்று பிரதட்சிணம் ஆயிற்று. மூன்றாவது சுற்றில் வாத்தியாரும் எழுந்து நின்றுவிட்டார். என்ன இருந்தாலும் பிரதட்சிணம் அல்லவா.

முப்பதாவது மைலில் சீட் தன் உண்மையான சொரூபத்தைக் காட்டத் தொடங்கியது. அதுவரை அது தோல் என்று நினைத்திருந்தேன். அது அம்மிக்கல். பிறகு அம்மிக்கல்லும் அல்ல, அதைக் கொத்துகிற உளி. முதலில் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு வலப்பக்கம். மூன்றாவது பக்கம் ஒன்றை ஆண்டவன் ஏன் படைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு களியக்காவிளை தாண்டினேன். அலமாரியில் பத்திரமாக இருக்கிற இலவம்பஞ்சு கண்முன் வந்து வந்து போயிற்று. மேகம் பார்த்தால் பஞ்சு. அரசமரத்தடியில் படுத்திருந்த வெள்ளாட்டைப் பார்த்தால்கூட, அதன் மேல் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது.

அமரவிளை ஏற்றத்தில் தலையில் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு ஒரு அம்மாள் எனக்குச் சமமாக நடந்து வந்தாள். நான் பெடல் மேல் ஏறி நின்று, உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டி மிதித்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச தூரம் பார்த்தாள். பரிதாபப்பட்டு, "எறங்கி நடந்நூடே சாமீ? அதாணு வேகம்" என்றாள். இறங்கி நடந்தால் சீக்கிரம் போகலாமாம்.

"இறங்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு எனக்கு முன்னால் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் தாண்டும்போது கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போகட்டும். மூன்று ஆம்பிளைகளிடம் தோற்றாயிற்று, ஒரு கிழங்குக் கூடையிடமும் தோற்றாயிற்று. ஆனால் என் கால் தரையில் படவில்லை. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் "இறங்கு" என்று மனுக் கொடுத்தது. எல்லா மனுவையும் தள்ளுபடி செய்தேன். ஆபீசில் எட்டு வருஷம் மனுக்களை அப்படிப் பார்த்துப் பழகியவன்தானே.

நேமம் தாண்டும்போது மாமனார் போட்ட கைக்கடிகாரம் பத்தாக ஏழு நிமிஷம் என்றது. முடியும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கைமனம் வளைவில் மறுபடி பார்த்தேன். சரியாகப் பத்து. பாலத்துக்கு அரை மைல், கையில் மூன்று நிமிஷம். இனி நான் தோற்பதென்றால் வேண்டுமென்றே தோற்றால்தான் உண்டு என்று நினைத்தேன்.

வளைவு திரும்பியது. எதிரே கறுப்புக் குடை.

இந்தமுறை அவர் தோப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஏதோ தாமதம் போலிருக்கிறது, நடுச்சாலையில் வந்துகொண்டிருந்தார். குடை என்னைப் பார்த்தது. நின்றது. எப்போதும் போல நான் இறங்குவதற்காக நின்றது.

நம்பினால் நம்புங்கள். என் விரல்கள் தாமாக பிரேக்கில் போய் உட்கார்ந்தன. வலது கால் பெடலை விட்டு எழும்பிவிட்டது. ஐம்பது மைல் மனுக் கொடுத்த எலும்புகளெல்லாம் ஒரே குரலில் "மேலதிகாரி உத்தரவு!" என்று குதூகலித்தன. இறங்கலாம். கும்பிடலாம். ஃபைலைப் பற்றிச் சொல்லலாம். ஆயுசு பூராவும் தெருவில் மீன்காரனிடம் கும்பிடு வாங்கலாம். மனைவியின் அண்ணா அதையும் மதிப்பு என்பார்.

தூக்கிய காலைத் திரும்பப் பெடலில் வைத்து ஓங்கி மிதித்தேன். வாய் வழக்கம்போல முன்னால் போனது.

"சார், நான் இறங்க மாட்டேன்!"

கைமனத்துக் காக்கைகள் பறந்தன. சூப்பரண்டு ஓரத்துக்கு ஒரு துள்ளு துள்ளினார். ரதத்துக்கு அப்படித் துள்ளத் தெரியும் என்று அதுவரை யாரும் கண்டதில்லை. குடை வேலிப் பூவரசில் மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இறங்கியிருப்பேன்.

பாலத்தில் ஆரியசாலைக்காரர் கைப்பிடிச் சுவரிலிருந்து எழுந்து, கடிகாரத்தைக் காதுக்கும் கண்ணுக்கும் மாறி மாறிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பாலத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன்.

"மூணு மணி, அம்பத்தொம்பது நிமிசம், நாப்பது நொடி!" என்று கத்தினார். "இருவது நொடி மிச்சம்! சாமி, இப்பமாவது எறங்கும்!"

இறங்கப் பார்த்தேன். முடியவில்லை. இறங்க மாட்டேன் என்று அத்தனை மைல் சொல்லியதைக் கால்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டன. வண்டியோடு சேர்த்து என்னைப் பிடித்து நிறுத்தி, மூன்று பேர் தூக்கி எடுத்து, பூசணிக்காயை இறக்குவது போலப் பாலத்தில் இறக்கினார்கள். உட்கார வைத்தார்கள். உடனே நான் அலறியதில் மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். நாலு பேரில் நாலாவதாக வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முந்தியவர் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஆனால் கும்பிடு நின்றது. ஆரியசாலைக்காரர் என் வேஷ்டியை உதறி என் தோளில் போட்டார். "கொடியேத்த விடமாட்டீரே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

வீட்டில் அன்று நின்றுகொண்டே சாப்பிட்டேன். குப்புறப் படுத்தேன். மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது மனைவி அலமாரியைத் திறந்து மெத்தையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதை எடுத்துண்டு போங்கோ. அங்கே உட்கார வேண்டாமோ?"

"வேண்டாம்."

"சூப்பரண்டு கூப்பிட்டா எந்தா சொல்லுவேள்?"

"இறங்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்னு சொல்லுவேன்."

"நிறைய சொல்லுங்கோ. நின்னுண்டுதானே சொல்லணும், நல்லதாப் போச்சு."

அவள் சொன்னது உண்மை. காலை முழுவதும் என் மேஜை மேல் குனிந்து, நின்றுகொண்டே நகல் எழுதினேன். என்னவென்று யாரும் கேட்கவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் இடத்துக்கு இனி யார் வருவார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். பதினொன்றரைக்கு பியூன் வந்து, "சார் விளிக்குன்னு" என்றான். கூப்பிடுகிறார் என்பதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

உள்ளே போனேன். அந்தப் பிரம்பு நாற்காலியின் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். அவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். குடை மூலையில் சாத்தியிருந்தது. அதன் ஒரு கம்பி வளைந்திருந்தது. கம்பியைக் கண்டு நிற்கிற வாயா என்னுடையது?

"சார், ஆபீசிலே நான் உங்க குமாஸ்தா. எப்போ கூப்பிட்டாலும் வருவேன், எத்தனை நேரம் வேணும்னாலும் நிப்பேன். ரோட்டிலே நான் சைக்கிள்காரன். பந்தயத்திலே யாரைக் கண்டாலும் நான் இறங்கப்போறதில்லை. நேத்திக்கு இறங்கலை. இனிமேலும் இறங்க மாட்டேன். குடைக்கு வேணும்னா மாப்பு கேட்டுக்கறேன். இறங்காததுக்கு மாட்டேன். என்ன செய்யணுமோ செய்யுங்கோ."

சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மசிக்கூட்டில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தலையிலிருந்து கால்வரை என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்பதையும், இரண்டிலும் சரியாக நிற்க முடியாமல் இருப்பதையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, எந்தக் குமாஸ்தாவும் உட்கார்ந்திராத அந்தப் பிரம்பு நாற்காலியை என் பக்கமாகத் தள்ளினார்.

"உட்காருடா."